எஸ். எம்., நொச்சிக்கரடு

மறுபடியும் இரண்டு.

சாராள் சிவப்புப் பென்சிலை எடுத்து, நாட்குறிப்பில் அன்றைய தேதிக்கு எதிரே ‘2’ என்று எழுதி அடிக்கோடிட்டார். முந்தின நாள் மாலை ஐந்தரைக்கு அலுவலகத்தைப் பூட்டுவதற்கு முன், தம் கையாலேயே அதை ‘1’ என்று மாற்றிவிட்டுப் போனதற்கு அதே பக்கத்தில் சான்று இருந்தது. அதற்கு முந்தின நாளும் அப்படித்தான். பதினெட்டு வேலை நாட்களாக அப்படித்தான். பூட்டிய அறைக்குள் புகுந்து ஓர் எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் போகிற திருடன் தேனியில் இருப்பதாக அவர் நம்பவில்லை. ஆகவே குற்றம் எந்திரத்தினுடையது என்று முடிவுகட்டியிருந்தார்.

அது 1988-ஆம் ஆண்டு, ஆவணி மாதம். விடிவெள்ளிக் கண் அறக்கட்டளையின் தேனிக் கிளை, அல்லிநகரம் போகும் சாலையில், சாராளின் தம்பி நடத்திய இரும்புக்கடையின் மாடியில் இருந்தது. இறந்தவர்கள் விட்டுச்செல்லும் கண்ணுக்காகக் காத்திருப்போரின் பெயர்களைப் பதிந்து, வரிசை குலையாமல் வைத்திருப்பது பதிவாளரான சாராளின் பணி. பதினோரு ஆண்டுகள் அந்த வரிசை ஒரு நீளப் பேரேட்டில் இருந்தது. மதுரை மருத்துவமனைக்குக் கண் வந்தால் அங்கிருந்து தொலைபேசியில் அழைப்பார்கள். சாராள் பேரேட்டைத் திறந்து, முறை யாருடையதோ அவருடைய ஊருக்கு ஆளனுப்பி, அவரை மதுரைப் பேருந்தில் ஏற்றிவிட்ட பிறகுதான் அடுத்த வேலையைப் பார்ப்பார்.

தை மாதத்தில் டெர்மினல் வந்தது. பச்சை எழுத்துத் திரையும் தட்டச்சுப் பலகையும் மட்டும் இங்கே, மூளை மதுரையில். இடையில் ஒரு தொலைபேசிக் கம்பி. ஐந்து கிளைகளின் பெயர்களும் ஒரே வரிசையாயின. இனிமேல், முறை வந்தவருக்கு எந்திரம் அச்சடித்துக் கொடுக்கும் பெயருக்கும் ஊருக்கும் மதுரையிலிருந்தே நேரடியாகத் தந்தி போகும்; கிளைக்கு அஞ்சலில் நகல் வரும். நேரம் மிச்சம் என்றது சுற்றறிக்கை. பேரேடுகளை மூடி மதுரைக்கு அனுப்பிவிடவும் என்றும் அது சொன்னது. அந்தச் சுற்றறிக்கையில் இருந்த நான்கு ஒற்றுப்பிழைகளைத் திருத்திக் கோப்பில் வைத்துவிட்டு, சாராள் பேரேட்டை அனுப்பினார், ரசீது வாங்கிக்கொண்டார்.

எந்திரத்துக்குள் ‘காமன் செட்டிங்ஸ்’ என்று ஒரு பக்கம் உண்டு. சாராள் அதற்குப் ‘பொது ஏற்பாடு’ என்று பெயரிட்டிருந்தார். அதில் ஆறு வரிகள். நான்காவது வரி, பெயர் வரிசை. ‘1’ என்றால் தலைப்பெழுத்து முன்னே, பெயர் பின்னே. ‘2’ என்றால் பெயர் முன்னே, தலைப்பெழுத்து பின்னே. இரண்டில் எது தலைப்பெழுத்து என்று எந்திரம் தானாக அறியாது. அந்த வரி சொல்வதை நம்பும். நம்பி, தலைப்பெழுத்து என்று தான் கருதிய சொல்லில் முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடும்.

நொச்சிக்கரட்டுச் சீனிச்சாமி மகள் முத்துப்பேச்சியை, எல்லாரும் எழுதுவதுபோல், ‘எஸ் முத்துப்பேச்சி’ என்றே சாராள் ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். அன்று அந்த வரி ‘2’ என்று இருந்திருக்கிறது. எந்திரம் ‘எஸ்’ என்பதைப் பெயராகவும் ‘முத்துப்பேச்சி’ என்பதைத் தலைப்பெழுத்தாகவும் கொண்டுவிட்டது. ஆடி மாதப் பட்டியல் மதுரையிலிருந்து பேருந்துப் பார்சலில் வந்தபோது, அதில் அவள் ‘எஸ் எம்’ என்று நின்றாள். அடிமட்டத்தை வரிவரியாக நகர்த்திப் பார்த்ததில் அப்படி இரண்டே எழுத்தாகிப்போனவர்கள், தேனிக் கிளையில் மட்டும், பதினேழு பேர்.

பதிந்துவிட்ட பெயரைத் திருத்தும் உரிமை கிளைகளுக்கு இல்லை. திருத்தப் படிவத்தைப் பூர்த்தி செய்து மதுரைக்கு அனுப்பி இருபது நாள் ஆயிற்று. மூன்று நினைவூட்டல்களும் அனுப்பியாயிற்று. பதினேழு பேரில் மற்றப் பதினாறு பேருக்கும் முறை வர மாதங்கள் ஆகலாம். முத்துப்பேச்சிக்கு அப்படியல்ல.

சந்தை நாளன்று அவள் வந்தாள், மதினி ராக்கம்மாளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, படியை எண்ணிக்கொண்டே.

“டாக்டரம்மா, கும்புடுறேன்.”

“நான் டாக்டர் இல்ல, முத்துப்பேச்சி. எத்தனை தடவை சொல்றது?”

“எனக்குக் கண்ணு வாங்கிக் குடுக்கப்போறது நீங்கதான? பெறகு யாரு டாக்டரு?”

“கண்ணு போனாலும் இவளுக்கு வாயி போகல பாருங்க” என்றாள் ராக்கம்மாள்.

முத்துப்பேச்சிக்கு முப்பது வயது இருக்கும். இடக்கண் சிறு வயதில் அம்மையில் போனது. வலக்கண் இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஏலத்தோட்டத்தில் குனிந்து பறிக்கையில் செடியின் தோகை குத்திப் புண்ணாகி, பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. அதன் பின்புறம் பழுதில்லை. முன்புறக் கண்ணாடி மட்டும் மாறினால் பார்ப்பாள் என்று மருத்துவர் எழுதியிருந்தார்.

“எனக்கு முன்னாடி எத்தன பேரு நிக்கிறாக?”

“மூணு பேர்.”

“போன தடவ ஆறு பேருன்னீக.”

“மூணு பேருக்குக் கிடைச்சிருச்சு.”

“அப்ப வெரசா வந்திரும்.” அவள் ராக்கம்மாளை இடித்தாள். “கங்காணி சொல்லிவிட்டிருக்காக, அடுத்த பறிப்புக்கு வா, எடம் வச்சிருக்கேன்னு. எது பழுத்த காயி, எது பிஞ்சுன்னு எம் விரலே சொல்லிரும், டாக்டரம்மா. ‘வெரல நம்பி வேல குடுக்க முடியாது தாயி, கண்ணோட வா’ங்குறாக.”

“தந்தி வந்ததும் கிளம்பிரணும். தாமதம் கூடாது. கண்ணு ஒரு நாள்தான் தாங்கும்.”

“தந்தின்னாலே எங்க ஊர்ல ஒப்பாரிதான். பிரிச்சுப் படிக்க முன்னாடியே மாரடிச்சிருவாக. அதனால எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன், எனக்குத் தந்தி வந்தா மட்டும் சிரிக்கணும்னு.”

எந்திரத்தில் அவளுடைய பெயர் இரண்டெழுத்தாகக் கிடக்கிறது என்பதைச் சாராள் சொல்லவில்லை. சொல்லி ஆவதென்ன? அவர்கள் படியிறங்கிப் போனதும் தொலைபேசியில் மதுரைக்கு டிரங்கால் பதிந்தார். ஒரு மணி நேரம் கழித்துக் கிடைத்தது. கணிப்பொறிப் பிரிவின் ராஜமணி பேசினார். குரலில் எப்போதும்போல் ஒரு கொட்டாவி.

“மேடம், மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. எந்திரம் நம்மது இல்ல. ஒரு கம்பெனிக்காரககிட்ட வாடகைக்கு இருக்கோம். அதே எந்திரத்துல ஒரு நூல் மில்லும் குடியிருக்கு, ஒரு பஸ் கம்பெனியும் குடியிருக்கு. அவகளுக்கு அவக போர்ஷன், நமக்கு நம்ம போர்ஷன்.”

“சரி.”

“நம்ம போர்ஷனுக்குள்ள அஞ்சு பிராஞ்சு. நீங்க வளவுல குடியிருந்திருக்கீகளா?”

“இல்லை.”

“அஞ்சு வீடு, ஒரு முத்தம். முத்தத்துல ஒரே லைட்டு, சுவிட்சு பொது. படிக்கணும்னு ஒருத்தர் போடுவாக, தூங்கணும்னு ஒருத்தர் அணைப்பாக. அந்த செட்டிங்ஸ் பக்கம் அதுதான், மேடம்.”

சாராள் பென்சிலைக் கீழே வைத்தார். பதினெட்டு நாளும் தாம் எந்திரத்தோடு மல்லுக்கட்டவில்லை, ஒரு மனிதரோடுதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“யார் மாத்துறாங்க?”

“அத எழுதிவைக்கிற மாதிரிப் பண்ணல.”

“வீட்டுக்கு ஒரு விளக்குப் போட வேண்டியதுதானே?”

“போடலாம். புரோகிராம் எழுதுன பையன் மஸ்கட் போயிட்டான். கம்பெனியோட ஒப்பந்தம் பங்குனியில முடியுது. புதுசு போடும்போது சொல்லிப் பாக்கலாம்.”

“என் பதினேழு திருத்தம்?”

“வரிசையில இருக்கு.”

“எத்தனாவதா இருக்கு?”

மறுமுனையில் தாள்கள் புரளும் ஓசை கேட்டது. “அதுக்கு முன்னாடி நூத்திச் சொச்சம் கெடக்கு, மேடம்.”

“அதுக்குள்ள முத்துப்பேச்சிக்கு முறை வந்துட்டா? உனக்கு எதிர்ல ஒரு சீட்டுல எழுதி ஒட்டி வை. எஸ் எம்னா முத்துப்பேச்சி.”

“தந்தி அனுப்புறவக வேற ஷிப்டு, மேடம். எந்திரம் அடிச்சுக் குடுக்குறத அவக அப்படியே அனுப்புவாக. கைப்பட ஒண்ணும் சேக்கக் கூடாதுன்னு உத்தரவு. கண்ணு என்ன தெனமுமா வருது? விடுங்க.”

டிரங்காலுக்குரிய மூன்று நிமிடம் முடிந்து இணைப்பு அறுந்தது.

பொது ஏற்பாட்டில் ஆறாவது வரி, அச்சுத் தலைப்பு. பட்டியல்களின் மேலே அறக்கட்டளையின் பெயர் வருவதற்கான இடம் அது. முப்பது எழுத்துக்கு மேல் கொள்ளாது. எண்ணல்லாமல் சொல்லை எழுதக்கூடிய வரி அந்தப் பக்கத்தில் அது ஒன்றே. சாராள் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, விதிமீறல் என்று தெரிந்தே, அறக்கட்டளையின் பெயரை அழித்துவிட்டு, ‘2 போடுவது யார்? தேனி’ என்று ஆங்கிலத்தில் அடித்தார்.

மறுநாள் காலை நான்காவது வரியில் வழக்கம்போல் இரண்டு. ஆறாவது வரியில், ‘1 போடுவது யார்? கம்பம்’.

அந்த இரண்டு நாட்களிலும் ஐந்து கிளைகளுக்கும் அச்சான பட்டியல்களின் தலையில், அறக்கட்டளையின் திருப்பெயர் இருக்கவேண்டிய இடத்தில், இந்த வழக்குத்தான் ஏறியிருந்தது. விளக்கம் கேட்டு ஒரு கடிதம் பின்னால் வந்தது. அது வேறு கதை.

கம்பத்தில் பதிவாளராக இருந்தவர் கர்ணன் என்ற நாற்பது வயதுக்காரர். சாராள் அவரைப் பார்த்ததில்லை. தொலைபேசியில் தம் பெயரைச் சொன்னதுதான் தாமதம்.

“ஏ... நீங்கதானாக்கா அது! இருவது நாளா எந்திரத்த வைஞ்சுக்கிட்டுக் கெடக்கேன். பூசாரியக் கூட்டியாந்து வேப்பிலை அடிப்பமான்னு ரோசன பண்ணேன்னா பாத்துக்கங்க.”

“நீங்க ஏன் ரெண்டு போடுறீங்க?”

“நீங்க ஏன் ஒண்ணு போடுறீக?”

“தகப்பன் பேர் எழுத்து முன்னால நிக்கிறதுதான் முறை.”

“இங்கன அது முறை. குமுளி மேட்டுக்கு அங்கிட்டு, கேரளாவுக்குள்ள போனா இது முறை, சேச்சி. எங்க ஆளுக பாதிக்கு மேல மலையில ஏலத்தோட்டத்துல இருக்காக. அங்கனதான் ரேஷன் கார்டு. கார்டுல பேரு முன்னாடி, இனிஷியல் பின்னாடி. அம்மாவாசி கே. அவ்வளவுதான். கார்டுல உள்ளத எழுத்து மாறாம அடிக்கணும்னு நம்ம சுற்றறிக்கைதான சொல்லுது?”

சொல்லுகிறது. மூன்றாம் பத்தி. சாராளே அதில் ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தியிருந்தார்.

“அப்பன் முன்னாடி நடந்தா என்ன, பின்னாடி நடந்தா என்ன?” கர்ணன் சிரித்தார். “புள்ள காணாமப் போகாம இருந்தாச் சரி.”

சாராள் சிரிக்கவில்லை. ‘முத்துப்பேச்சி எஸ்’ என்று திருப்பி அடித்திருந்தால் எந்த எண்ணையும் மாற்ற வேண்டியிருந்திருக்காது என்பது அவருக்கும் முன்பே தோன்றியதுதான். தலைகீழாக நிறுத்திய ஒரு பெயரை அடிக்க அவருடைய விரல்கள் இணங்கவில்லை. சரியானதை மாற்றிக்கொள்ள வேண்டியது சரியாக இருப்பவர் அல்லர் என்பது அவருடைய எண்ணமாக இருந்தது.

“உங்க பட்டியல்ல ரெண்டெழுத்துப் பேர் இருக்கா, தம்பி?”

“ஏன் கேக்குறீக? இருவத்தி மூணு. ஒருத்தன் ஆர் கே. ஒருத்தி பி வி. கம்பெனி பேரு மாதிரி இருக்கு. எல்லாம் நீங்க ஒண்ணு போட்ட நேரத்துல நான் அடிச்சதுக.”

சாராள் நாட்குறிப்பில் ‘17’ என்று எழுதியிருந்ததற்குக் கீழே ‘23’ என்று எழுதினார். கூட்டவில்லை.

இருவரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். காலை பத்திலிருந்து ஒரு மணி வரை ‘1’. தேனி மட்டும் பெயர் பதியும். இரண்டிலிருந்து ஐந்து வரை ‘2’. கம்பம் மட்டும் பதியும். கைமாறும் நேரத்தில், யார் முடித்தாரோ அவரே மற்றவருக்குரிய எண்ணைப் போட்டுவிட்டு எழ வேண்டும். அந்தப் புதன்கிழமை தொடங்கி ஒரு நாளும் பிசகவில்லை. கேட்டு மூன்றே நிமிடத்தில் முடிந்திருக்கக்கூடிய காரியம் அது.

ஆனால் முன்பே வெட்டுப்பட்ட நாற்பது பெயர்களும் வெட்டுப்பட்டபடியே இருந்தன. வியாழக்கிழமை மாலை சாராளுக்கு ஒரு வழி தோன்றியது. பதினேழு ஊர் அஞ்சலகங்களுக்கும் பதினேழு அஞ்சலட்டைகள் எழுதினார்: ‘எங்கள் அறக்கட்டளையிலிருந்து எஸ். எம். என்ற பெயருக்குத் தந்தி வருமானால், அது நொச்சிக்கரட்டைச் சேர்ந்த சீ. முத்துப்பேச்சி என்பவருக்கு உரியது எனத் தங்களைப் பணிவுடன் அறிவிக்கலாயிற்று.’ பதினேழையும் வெள்ளிக்கிழமை காலை முதல் தபாலில் சேர்த்தார். மனம் சற்று ஆறியது.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, வெள்ளைச் சீருடையில் ஒருவர் மாடியேறி வந்தார். மதுரைக்கும் போடிக்கும் இடையே ஓடும் ரயில் தடத்தில் ஒரு சிறிய நிலையத்தின் அதிகாரி அவர். சுந்தர்ராஜ் என்று பெயர் சொன்னார். கையில் ஒரு தந்தி.

“இது உங்க ஆபீஸ் பேர்ல வந்திருக்கு. எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு, அம்மா. யாருக்கோ போகவேண்டியது எங்கிட்ட வந்திருச்சு.”

சாராள் வாங்கிப் பார்த்தார். பெறுநர்: எஸ் எம், நொச்சிக்கரடு. செய்தி: கண் தயார். உடனே புறப்படவும். சனி காலை ஒன்பதுக்குள் வரவும்.

“உங்களுக்கு எப்படி வந்தது?”

“அதையேன் கேக்குறீங்க. தந்திக்காரர் நேத்து மத்தியானம் நொச்சிக்கரடு போய், ஒட்டின தந்தியப் பிரிக்காம, மேல இருக்குற பேர மட்டும் சொல்லி வீடு வீடா விசாரிச்சிருக்கார். எஸ் எம்னு ஆளே இல்லையாம். டீக்கடையில ஒரு பெரிய மனுசன், ‘எஸ் எம்னா ஸ்டேசன் மாஸ்டர்ரா’ன்னிருக்கான். ‘நம்ம ஊருக்கு ரயிலே கெடையாதே’ன்னு ஒருத்தன். ‘கெடையாதுன்னு மதுரைக்காரனுக்குத் தெரியுமா? இருக்கிற ஸ்டேசன்ல கொண்டுபோய்க் குடு’ன்னு இவன். நல்லெண்ணத்துலதான் பண்ணிருக்காங்க. நேத்துச் சாயந்திரம் நான் லீவு. இன்னைக்குக் காலையிலதான் மேசையில பாத்தேன். படிச்சதும் முதல் பஸ்ஸப் பிடிச்சு வந்தேன்.”

அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாராள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தந்தியைப் பார்த்தார். பிறகு, பொருளில்லை என்று தெரிந்தும், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

மதுரைக்கு அவசர அழைப்புப் பதிந்து, நாற்பது நிமிடம் நின்றுகொண்டே காத்திருந்தார்.

“இந்த வாரத்துல மட்டும் நாலு கண்ணு வந்திருச்சு. இத ஒன்பதரைக்கு அடுத்த ஆளுக்கு வச்சாச்சு, மேடம்” என்றார் ராஜமணி. இன்று அவருடைய குரலில் கொட்டாவி இல்லை. “மொத ஆளு வரலைன்னா வீணாப் போயிரக் கூடாதுன்னு ரெண்டாவது ஆளுக்கும் எப்பவுமே தந்தி போகும். அவக ஆறு மணிக்கே வந்து உக்காந்திருந்தாக.”

“சரி. கண் வீணாகலை. அது நல்லது. அடுத்த கண் முத்துப்பேச்சிக்கு.”





“தந்திக்கு வராதவக வரிசையில கடைசிக்குப் போயிருவாக, மேடம். அது தானா நடந்திரும்.”

“அவ வராம இல்லை. தந்தி போய்ச் சேரலை.”

“எந்திரத்துக்கு ‘வந்தாக’, ‘வரல’ன்னு ரெண்டுதான் தெரியும். காரணம் எழுத எடம் இல்ல.”

“நீ எடுத்து முன்னால வை.”

“எனக்கு அந்தச் சாவி இல்லை. அய்யாகிட்டயும் இல்லை. கம்பெனிக்காரககிட்டக் கேட்டா, வரிசையக் கையால தொடக் கூடாது, அதுக்குத்தான எந்திரம்னு நீங்களே ஒப்பந்தத்துல எழுதியிருக்கீகங்குறாக. நெசந்தான், எழுதியிருக்கு. யாரும் சிபாரிசுல முன்னாடி போயிரக் கூடாதுன்னுதான் எழுதுனாக.”

“திறக்க யாரால முடியும்?”

“அந்த மஸ்கட் பையனாலதான்” என்றார் ராஜமணி. சொன்ன பிறகு அது தமக்கே கேலியாகப் பட்டதுபோல், “மன்னிச்சுக்கங்க, மேடம்” என்றார்.

சாராள் அறக்கட்டளைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். மருத்துவமனைக்கு ஒன்று. எந்திரக் கம்பெனிக்கு ஒன்று. மூன்றிலும் ஓர் எழுத்துப் பிழையில்லை. பங்குனிக்கு முன் எந்தக் கடிதத்துக்கும் பயனிராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மாலை நான்கு மணிக்குத் தொலைபேசி மணி அடித்தது. கம்பம்.

“அக்கா! நம்ம அம்மாவாசிக்குக் கண்ணு கெடைச்சிருச்சு! அம்மாவாசி கே. சொன்னேன்ல, தோட்டத்துல வாச்சரா இருந்தவரு. எட்டு வருசமா மகன் கையப் பிடிச்சுக்கிட்டு நடந்த மனுசன். நேத்து ராத்திரியே ஜீப்பு வச்சு எறக்கி அனுப்பினோம். தந்தியில பேரு முழுசா, அப்படி அழகா இருந்துச்சுக்கா. நல்லவேளையா நான் ரெண்டு போட்டிருந்த அன்னைக்கு அடிச்ச பேரு!”

சாராள் ரிசீவரை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அம்மாவாசி கே. ஒரு பிழையும் செய்யாதவர், கர்ணனும் செய்யவில்லை.

“ரொம்ப சந்தோஷம், தம்பி” என்றார். அது பொய்யில்லை என்பதே அவருக்குப் பெரும் பாரமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை, டெர்மினலைத் திறந்தபோது, திருத்தங்கள் முடிந்திருந்தன. பதினேழும் முடிந்திருந்தன. சாராள் வரிசையைக் கீழே தள்ளிக்கொண்டே போனார். பதினொன்றாவது திரையின் கடைசியில் இருந்தது, தலைப்பெழுத்து முன்னே, பெயர் பின்னே, ஓர் எழுத்தும் குறையாமல்: 211. எஸ் முத்துப்பேச்சி, நொச்சிக்கரடு.

சந்தை நாள் வரை காத்திருப்பது முறையன்று என்று அவருக்குப் பட்டது. ‘1’ போட்டு, அன்றைய பெயர்களைப் பதிந்து, ஒரு மணிக்கு ‘2’ போட்டுவிட்டு, தந்தியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மயிலாடும்பாறைப் பேருந்தில் ஏறினார். அங்கிருந்து நொச்சிக்கரட்டுக்கு இரண்டு மைல். கிளை அஞ்சலகத்தைத் தாண்டும்போது, தாம் எழுதிய அஞ்சலட்டை சன்னல் கம்பியில் செருகியிருந்தது கண்ணில் பட்டது. தம் கையெழுத்தை அவர் தொலைவிலிருந்தே அறிவார்.

முத்துப்பேச்சி வாசலில் அமர்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நல்ல பருப்பு ஒரு முறத்தில், சொத்தை ஒரு சிரட்டையில். செருப்போசை கேட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

“இது நம்மூருச் செருப்பு இல்லையே. ஆரு?”

“நான்தான், முத்துப்பேச்சி.”

“டாக்டரம்மாவா!” பதறி எழுந்தாள், மடியிலிருந்து கடலை சிதறியது. “ஏ மதினி, இங்கன ஓடியா! தந்தி வந்திருச்சு போல! அவுகளே கொண்டாந்திருக்காக! சிரிக்கச் சொல்லு எல்லாரையும்!”

அவள் சொன்னபடியே ராக்கம்மாள் வாயெல்லாம் பல்லாக உள்ளேயிருந்து வந்தாள். சாராளின் முகத்தைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

சாராள் நின்றபடியே சொன்னார். சுற்றிவளைக்கத் தெரியாதவர், எது எப்போது நடந்ததோ அந்த வரிசையிலேயே சொன்னார். பெயர் வெட்டுப்பட்டது, தாம் கம்பத்தைக் கேட்காமலிருந்தது, தந்தி ரயில் நிலையத்துக்குப் போனது, கண் வேறொருவருக்குப் போனது.

“ரயிலே ஏறாதவள ஸ்டேசன் மாஸ்டர் ஆக்கிட்டாகளா?” முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் நின்றது. “சரி. இப்ப எனக்கு முன்னாடி எத்தன பேரு?”

“இருநூற்றுப் பத்து.”

ராக்கம்மாள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். முத்துப்பேச்சி, கடலைகள் எங்கே சிதறின என்று தரையைத் தடவினாள். ஒன்று கிடைத்தது. உடைத்தாள். சொத்தை. சிரட்டையில் போட்டாள்.

“அந்தக் காயிதத்தக் குடுங்க. எம் பேருக்கு வந்ததுதான?”

சாராள் கொடுத்தார். அவள் தாளை இரு கைகளிலும் விரித்து, வெளுத்த கண்ணுக்கு வெகு அருகில் பிடித்தாள்.

“எங்கன இருக்கு எம் பேரு?”

சாராள் குனிந்து, அவளுடைய சுட்டுவிரலைப் பிடித்து, இரண்டு எழுத்துகளின் மேல் வைத்தார். விரல் அந்த இடத்தில் சற்றே இப்படியும் அப்படியும் நகர்ந்தது.

“இம்புட்டுத்தானா?”

“இவ்வளவுதான்.”

“அன்னைக்கு மத்தியானம் அந்தத் தந்திக்காரக இந்த வாசல் வழியாத்தான் சைக்கிளத் தள்ளிக்கிட்டு வந்தாக” என்றாள் முத்துப்பேச்சி. விரலை எடுக்கவில்லை. “இதே மாதிரிக் கடல உடைச்சுக்கிட்டிருந்தேன். ‘எஸ்ஸெம்முனு ஆராச்சும் இருக்காகளா தாயி’ன்னு எங்கிட்டத்தான் கேட்டாக. எனக்குத்தான் ஊர்ல எல்லாரோட குரலும் தெரியும்ல. நாந்தான் சொன்னேன், டாக்டரம்மா, அப்படி இங்கன ஆரும் இல்லைன்னு.”

தாம் டாக்டர் இல்லை என்பதைச் சாராள் நினைவூட்டவில்லை.

“நீ சரியாத்தான் சொன்ன” என்றார்.